நுரையீரலுக்குக் கிடைத்த சொல்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறக்க நேர்ந்தது. கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃபில் எங்கள் பழைய லைன் வீடு. பெட்டிக்குள் கட்டுக்கட்டாகச் சம்பளச் சீட்டுகள், எம்.ஜி.ஆர். படம் அச்சிட்ட நாட்காட்டித் தாள் ஒன்று, அடியில் இழப்பீடு தொடர்பான தட்டச்சுக் கடிதம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் தாத்தாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் ‘சிலிகோசிஸ்’ என்பார் அம்மா. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர், அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டது அந்தச் சொல்லைத்தான்.

அருகில் மாமா உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் வேலைக்கு ஆள் எடுப்பது நின்றுபோன காலத்தில் சென்னைக்குப் போய், கோடம்பாக்கத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் லைட்மேனாக இருந்தவர். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்பாவுக்கு வந்ததுக்கு ஒரு பேரு இருந்துச்சு. எனக்கு வந்ததுக்குக் குடின்னு பேரு வெச்சிட்டாங்க.”

இந்தப் பதிவை அந்த ஒரு வாக்கியத்துக்கான உரையாக வாசிக்கலாம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்தருள்க.

மாமாவுக்கு வந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில், கூரைக்குக் கீழே கட்டிய பரணிலிருந்து உடன் வேலை செய்தவர் அவர் கண்முன் விழுந்தார். உயிர் போகவில்லை. ஆனால் அதன்பின் மாமாவால் பரண் ஏற முடியவில்லை. ஏணியில் கால் வைத்தால் கை நடுங்கும். இரவில் உறக்கமில்லை, உறங்குவதற்காகக் குடித்தார். குடிப்பதால் நடுங்குகிறது என்று கம்பெனி சொன்னது. பிறகு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கு முக்கியமன்று. எது முன், எது பின் என்பதே முக்கியம். நடுக்கம் முன், குடி பின். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் வரிசையை மாற்றி எழுதிவிட்டார்கள்.

எங்கள் ஊரை இன்று எல்லோரும் ஒரு படத்தின் பெயராக அறிவார்கள். 2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்.’ படத்துக்காகவும் அதன் இரண்டாம் பாகத்துக்காகவும் சயனைடு மேடுகளின் மேல் அரங்கம் அமைத்தார்கள். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவுமண் அங்கே மலைகளாக நிற்கிறது. காற்றடித்தால் ஊர் முழுவதும் தூசி. 2024இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. அதன் காட்சிகள் சிலவும் இங்கு எடுக்கப்பட்டவை. ஆகவே சுரங்கமும் சினிமாவும் எங்கள் ஊரில் ஒரே மண்ணின்மேல் நிற்பவை. அந்த மண்ணைப் பற்றி இரு படங்களும் பேசின. அந்த மண்ணில் விளக்குப் பிடித்து நின்றவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை. அது படங்களின் வேலையுமன்று.

முதலில் சுரங்கம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு காலூன்றியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், பாறைக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. துளையிடும்போது பறக்கும் படிகக்கல் தூசி நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கும். இது நெடுங்காலம் நோயாகவே கருதப்படவில்லை. மூச்சு வாங்கினால் காசநோய் என்றார்கள்; காசநோய் இல்லையென்றால் பீடி, சாராயம், சுத்தமில்லாத குடிசை. தங்கவயல் தொழிலாளரின் குடியைப் பற்றி நிர்வாகமும் அரசும் எழுதிய பக்கங்கள் ஏராளம். மூச்சைப் பற்றி எழுதியவை அந்த அளவுக்கு இல்லை.

இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் பற்றி முதன்முதலாக அறிக்கை வந்தது 1934இல், தங்கவயலிலிருந்து. 1940இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ இருவரில் ஒருவர்! அறுபது ஆண்டு காலம் சாராயம் என்றும் சளி என்றும் சொல்லப்பட்டதன் பின்னால் இருந்த எண்ணிக்கை இது.

விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நோய் எந்த அளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் நிர்வாகத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. கிடைத்த தொகை சிறியது. பலருக்கு அது கிடைக்கும்போது மூச்சு மிச்சமில்லை. ஆனால் ஒன்று நடந்தது. ‘உன் உடம்பின் குற்றம்’ என்பது ‘உன் வேலையின் விளைவு’ என்று மாறியது. மொழியியல் படித்தவன் என்பதால் இது எனக்குப் பெரிய நிகழ்வாகத் தெரிகிறது. ஒரு துன்பம் விதிப்புத்தகத்தில் பெயர்ச்சொல்லாக நுழையும்போது, அதற்கு ஓர் எழுவாயும் கிடைத்துவிடுகிறது: இதைச் செய்தது யார்?

பெயர் கிடைக்காதது ஒன்றும் இருந்தது. அச்சம். ஆழத்தில் பாறை தன் சுமை தாளாமல் திடீரென வெடிக்கும். மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும். அந்த அதிர்ச்சியில் பெண்கள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்க வாயிலை நோக்கி ஓடியதைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாருடைய வீட்டுக்காரர் என்று தெரியும்வரை எல்லோருக்கும் தாலி கனக்கும் என்பார். பாறையின் இந்த நிலையை ஆராயவும் அளக்கவும் 1988இல் எங்கள் ஊரிலேயே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. பாறை தாங்கும் சுமைக்கு ‘அழுத்தம்’ என்று தமிழில் சொல்கிறோம்; மனம் தாங்கும் சுமைக்கும் அதே சொல்தான். முன்னதற்குக் கருவிகள் இருந்தன, அலுவலகம் இருந்தது, வரைபடங்கள் இருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது பின்னதை அளக்க யாரும் வரவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்க் காவலாளியாகவும் கட்டடத் தொழிலாளியாகவும் நின்றுவிட்டு இரவில் திரும்பும் வாழ்க்கை அன்று தொடங்கியது.

இனி கோடம்பாக்கம். தமிழ்ச் சினிமாத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஊதிய உயர்வையும் வேலைநிறுத்தங்களையும் மட்டும் எழுதுவார்கள். அதை மனநலத்தின் வரலாறாகவும் வாசிக்க முடியும் என்பது என் எண்ணம்.

நிமாய் கோஷ் தேசப் பிரிவினையின் அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ என்னும் வங்கப் படத்தை 1950இல் எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். எம்.பி. சீனிவாசன் பொதுவுடைமை இயக்கத்தில் ஊறிய இசையமைப்பாளர். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகளை மணந்தவர். இவ்விருவரும் 1960இல் வெளியான ‘பாதை தெரியுது பார்’ படத்தில் இணைந்தார்கள். தொழிலாளரைப் பற்றிப் படமெடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. படமெடுக்கும் தொழிலாளரைத் திரட்டும் பணியிலும் முன்னின்றார்கள். பெப்சி என்று எல்லோரும் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் 1960களில் உருவானதில் இவ்விருவரின் பங்கு பெரிது. ஒளிப்பதிவு, ஒப்பனை, தச்சு, விளக்கு, சமையல் என்று தனித்தனிச் சங்கங்கள். அவற்றின் மேல் ஒரு சம்மேளனம்.

அந்தச் சங்கங்கள் ‘மனம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. வேலை நேரத்துக்கு வரம்பு, மிகை நேரத்துக்குக் கூலி, தினப்படியை அன்றன்றே கொடுப்பது, இரவு வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வண்டி என்ற மொழியில்தான் பேசின. ‘கால்ஷீட்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது யார் எப்போது எங்கே வரவேண்டும் என்று சொல்லும் தாள். கோடம்பாக்கத்தில் அது நேரத்தின் அளவாகிவிட்டது: ஒரு கால்ஷீட், ஒன்றரைக் கால்ஷீட், இரண்டு கால்ஷீட். தாளை அலகாக மாற்றியவர்கள் கூலிக்காக நேரத்தை எண்ண வேண்டியிருந்த தொழிலாளர்கள் என்றே நினைக்கிறேன். எண்ண முடிந்தால்தான் ‘போதும்’ என்று சொல்ல முடியும். இதற்கு நேர்மாறான சொல் ‘டென்ஷன்’. படப்பிடிப்பில் டென்ஷன் என்பது இயக்குநருக்கு வருவது, தயாரிப்பாளருக்கு வருவது. ‘டைரக்டர் டென்ஷனா இருக்காரு’ என்றால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பொருள். லைட்மேனுக்கு டென்ஷன் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. (போகிற போக்கில் இன்னொன்று: படப்பிடிப்பில் ‘புரொடக்‌ஷன்’ என்றால் சோறு போடுகிறவர்கள். தொழிலாளரின் அகராதி எதை முதன்மையாகக் கருதுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.)

சட்டம் 1981இல் வந்தது. சினிமாத் தொழிலாளர், திரையரங்கத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டின் நலநிதிச் சட்டம் படத்துக்கு இவ்வளவு என்று தீர்வை வாங்கி மருத்துவத்துக்கும் கல்விக்கும் செலவிட வழி செய்தது. இதை நிர்வகித்த மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. பீடி சுற்றுவோர், சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது, மைக்கா சுரங்கங்களில் வேலை செய்வோர், சினிமாத் தொழிலாளர் ஆகிய எல்லோரும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பு. கண்ணாடிக் கதவு வழியே பார்க்கிறவர்களுக்குச் சினிமா எப்படித் தெரிந்தாலும், தொழிலாளர் துறையின் அலமாரியில் அது சுரங்கத்தின் பக்கத்துக் கோப்பு.

ஆனால் 1981இன் சட்டம் கண்ட தொழிலாளி முழுநீளத் திரைப்படத்தில் வேலை செய்பவர் மட்டும். 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியபின் சில ஆண்டுகளிலேயே நெடுந்தொடர்கள் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தன. வாரத்துக்கு ஐந்து, ஆறு பகுதிகள் ஒளிபரப்பாக வேண்டும். வங்கி என்று அவர்கள் சொல்லும் சேமிப்புப் பகுதிகள் தீர்ந்துவிட்டால், அன்று எடுத்ததை அன்றே தொகுத்து அனுப்ப வேண்டும். திரைப்படத்துக்கு ‘பூசணிக்காய் உடைப்பு’ என்று ஒரு முடிவு உண்டு. தொடருக்கு அது மூன்றாண்டுக்கு ஒருமுறை வரலாம், பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தால் அடுத்த வாரமே வரலாம். இந்த நிலையில்லாமையில் வேலை செய்தவர்கள் சட்டத்தின் கண்ணுக்கு நெடுங்காலம் தென்படவே இல்லை. 2020இன் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில்தான் ‘ஒலி-ஒளிப் பணியாளர்’ என்ற விரிந்த சொல் வந்தது; தொடர்களும் இணையப் படைப்புகளும் அதற்குள் அடங்கின. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். ஒரு சொல்லுக்காக எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் திரைத்துறையினரின் மனத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதவில்லையா? எழுதினார்கள், நட்சத்திரங்களின் மனத்தைப் பற்றி மட்டும் எழுதினார்கள். ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற ஷோபா 1980இல் பதினெட்டு வயது நிறையுமுன் மறைந்தார். 1996இல் சில்க் ஸ்மிதா. இரண்டையும் நம் இதழ்கள் ‘மர்மம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கின. காதல், துரோகம், டைரி, கடைசி இரவு என்று தொடர்கட்டுரைகள் வந்தன. பதினான்கு, பதினைந்து வயதிலிருந்து ஓய்வில்லாமல் வேலை செய்த ஒரு சிறுமியின் பணிநேரம் என்ன, அவள் பணத்தை யார் வாங்கினார்கள் என்ற கேள்விகள் துப்பறியும் நடைக்குள் பொருந்தவில்லை. நட்சத்திரத்தின் மனம் மர்மம் என்றும் தொழிலாளியின் மனம் குடி என்றும் இவ்வாறு இரண்டு பெயர்கள் நிலைத்தன. வேலை என்ற சொல் இரண்டிலும் இல்லை.

அந்தச் சொல்லை ஓர் அரசு ஆவணம் கொண்டுவந்தது கேரளத்தில். 2017இல் ஒரு நடிகை தாக்கப்பட்டதன்பின், மலையாளத் திரைப் பெண்கள் திரண்டு கேட்டதால் நீதிபதி கே. ஹேமா தலைமையில் குழு அமைந்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பரில் அளித்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. நாளிதழ்கள் அதில் பெயர்களைத் தேடின. நான் தேடியது வேறு. படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை பதிந்திருக்கிறது. உடை மாற்ற இடமில்லை, எழுத்தில் ஒப்பந்தமில்லை, முறையிட்டால் அடுத்த படமில்லை. ஒரு மனிதரின் மனம் எப்படி உடைகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான குறிப்பை மனநல நூல்களிலும் நான் படித்ததில்லை.

தமிழகத்திலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்பில் பாரந்தூக்கி சரிந்து மூவர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் காரைக் கவிழ்க்கும் சண்டைக்காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். இறந்தோர் குடும்பத்துக்கு நிதியுதவி என்பது பேசப்பட்டது, பேசப்படவும் வேண்டும். அருகில் நின்று பார்த்தவர்கள் மறுமுறை அதே பாரந்தூக்கியின் கீழ் எப்படி நின்றார்கள்? 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் படப்பிடிப்புகள் நின்றபோது பெப்சியின் சுமார் 25,000 உறுப்பினர்களுக்கு அரிசி திரட்ட வேண்டியிருந்தது. ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார். வேறு நடிகர்களும் கொடுத்தார்கள். மாமா வரிசையில் நின்று மூட்டையை வாங்கி வந்தார். கொடுத்தவர்களை அவர் இன்றும் நன்றியோடு நினைக்கிறார். ஆனால் அந்த மூட்டையோடு பேருந்தில்லாத சாலையில் நடந்ததைச் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

வெளிநாடுகளிலும் கதை அரிசியிலிருந்துதான் தொடங்கியது. 1921இல் ஹாலிவுட்டில் மேரி பிக்ஃபோர்டு, சாப்ளின் முதலியோர் முன்னின்று நலிந்த திரைத்தொழிலாளருக்கு நிவாரண நிதி தொடங்கினார்கள். 1924இல் பிரிட்டனில் அதே போன்ற அறநிதி ஒன்று தோன்றியது. இன்று ‘ஃபிலிம் அண்ட் டி.வி. சாரிட்டி’ என்று வழங்கும் அந்த அமைப்பு 2018இல் இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. மறு ஆண்டில் திரை, தொலைக்காட்சித் தொழிலாளர் 9,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தியது. 87 விழுக்காட்டினர் மனநலச் சிக்கலை வாழ்வில் ஒருமுறையேனும் சந்தித்ததாகச் சொன்னார்கள். அந்நாட்டுப் பொதுமக்களில் அந்த அளவு 65 விழுக்காடு. தங்கவயலின் 43.7 எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே வகைக் கணக்கல்ல என்பது தெரியும். ஒன்று மருத்துவச் சோதனை, மற்றது தாமே முன்வந்து பதில் சொன்னோரின் வாக்குமூலம். ஆயினும் எண்ணத் தொடங்கியது இரண்டுக்கும் பொது. நம் ஊரில் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

‘மனத்துக்கு வந்ததை வேலையால் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? குடும்பத்தில் ஆயிரம் தொல்லை இருக்கும்’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிலிகோசிஸைப் பற்றியும் இதே கேள்விதான் கேட்டார்கள்: காசநோயிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது, பீடிப் புகையிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று. பிரிக்க முடியாததால் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியிருந்ததால் நெடுநாள் பிரித்துப் பார்க்கவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் உள்ளிட்ட மனநலக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த நம் நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் இருந்தது. மனநலக் கோளாறு எதுவும் இருக்கவில்லை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. அது நோயாளியின் உரிமை. தொழிலாளியின் உரிமை அதிலிருந்து ஒரு படி தள்ளி நிற்கிறது.

இப்போதெல்லாம் திரைத்துறைக் கூட்டங்களில் மனநலம் என்றால் ஆலோசகரை அழைத்து உரையாற்றச் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆலோசனை வேண்டுவோருக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலிமானஸ் சேவை இருக்கிறது; 14416 என்ற எண்ணில் இலவசமாக, தமிழிலும் பேசலாம். இதை வாசிக்கும் உதவி இயக்குநர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினாறு மணிநேரம் நின்றவரிடம் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது, தூசியை நிறுத்தாமல் சுரங்கத் தொழிலாளிக்கு இருமல் மருந்து கொடுத்த கதைதான். எங்கள் சுரங்கங்களில் பிற்காலத்தில் துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்கினார்கள். திரைத்தொழிலுக்கு அந்தத் தண்ணீர் எது என்று கேட்டால், நிமாய் கோஷ் காலத்துக் கோரிக்கைகளைத்தான் காட்டுவேன். இரு வேலைநாட்களுக்கு இடையே உறங்கும் அளவு இடைவெளி, அன்றைய கூலி அன்றே, எழுத்தில் ஒப்பந்தம், கழிப்பறை. இவற்றோடு, விபத்தைப் பார்த்தவருக்குக் கூலியோடு விடுப்பும் மருத்துவமும்.

தாத்தாவின் கடிதத்தை மாமா மடித்துப் பெட்டியில் வைத்தார். நிம்ஹான்ஸ் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர். ஒருமுறை வாருங்கள் என்று அழைத்தேன். போனால் என்ன எழுதிக் கொடுப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மருத்துவச் சொற்களை அவருக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது சொல்லிலேயே நிறுத்தி, அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சங்க அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ரயிலுக்கு இரண்டு சீட்டு எடுக்க வேண்டும்.